வார்ப்புரு உளதா என வினவுதல்

இல்லாத பொருளை இல்லையென்று அறிதல் எளிது என்றே பலரும் எண்ணுவர். மேசைமீது புத்தகம் இருக்கின்றதா என்று ஒருவர் கேட்டால், மேசையை ஒருமுறை நோக்கிவிட்டு "இல்லை" என்று விடையிறுக்கின்றோம். அவ்வளவிற் காரியம் முடிந்ததெனக் கருதுகின்றோம். ஆயின், பார்த்தவர் எந்த மேசையைப் பார்த்தார், அங்கு வெளிச்சம் இருந்ததா, கேட்ட பெயரும் அட்டையில் எழுதியிருந்த பெயரும் ஒன்றா என்னும் கேள்விகள் எழும்போதே அவ்விடையின் பெறுமதி விளங்கும். இணையப் பக்கங்களை ஆக்கித்தரும் செய்நிரல்களில் இவ்வினா கணந்தோறும் எழுகின்றது. ஒரு பக்கத்துக்குரிய வார்ப்புரு உளதா, இலதா என்பதைச் செய்நிரல் எவ்வாறு அறிகின்றது. எப்பொழுது அவ்வினாவைக் கேட்டல் தகும். எப்பொழுது கேளாது விடுதலே தகும் என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வார்ப்புரு என்பது யாதென முதலிற் கூறுவாம். உலாவியில் நாம் காணும் பக்கம் பெரும்பாலும் முன்னரே முழுமையாக எழுதிவைக்கப்பட்ட ஏடு அன்று. மாணவன் ஒருவன் தன் பரீட்சைப் பெறுபேற்றை இணையத்திற் பார்க்கின்றான் எனக் கொள்வோம். அவனுடைய பெயர், சுட்டெண், புள்ளிகள் ஆகியன தரவுத்தளத்தில் உள்ளன. அவற்றை இன்ன இடத்தில் இன்ன வடிவில் இடுக என்று கூறும் அச்சு வேறொரு கோப்பில் உளது. கன்னான் அச்சில் உலோகத்தை வார்ப்பதுபோல இவ்வச்சிலே தரவை வார்த்துச் சேவையகம் பக்கத்தை ஆக்கி அனுப்புகின்றது. அக்கோப்பே காட்சி வார்ப்புரு எனப்படுவது.

தரவு வேறு, காட்சி வேறு, அவ்விரண்டையும் இணைத்து ஆளும் பகுதி வேறு எனப் பிரித்தல் வேண்டும் என்னும் கருத்து இணையத்தினும் மூத்தது. நோர்வே நாட்டவரான திரிக்வே ரீன்ஸ்கௌ 1979ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய காலத்தில் இதனை வகுத்தார். பின்னர் எழுந்த வலைச்செயலிச் சட்டகங்கள் பலவும் இப்பகுப்பைத் தத்தமக்கேற்ப மாற்றி மேற்கொண்டன. சட்டகமென்பது வீடு கட்டுவோனுக்கு முன்கூட்டியே நாட்டிக்கொடுத்த தூணும் வளையும் போல்வது. சுவரும் கதவும் அவன் விருப்பம். 2004இல் வெளிவந்த றூபி ஒன் றெயில்ஸ், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திற் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றிற் பிறந்து 2005இல் வெளியான ஜாங்கோ, 2011இல் வெளியான லாரவெல் ஆகிய மூன்று சட்டகங்களையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

லாரவெல்லைப் பயன்படுத்தும் செய்நிரலர் வார்ப்புருவை அதன் முழு விலாசத்தாற் சுட்டுவதில்லை. சுருக்கப் பெயராலே சுட்டுவர். "பெறுபேறு.மாணவர்" என்பது போன்ற பெயரில் நடுவேயுள்ள புள்ளி கோப்புறையின் எல்லையைக் குறிக்கும், பெறுபேறு என்னும் கோப்புறையினுள்ளே மாணவர் என்னும் கோப்பு என்பது பொருள். (நடைமுறையில் இப்பெயர்கள் உரோம எழுத்திலேயே இடப்படுகின்றன, விளக்கத்தின் பொருட்டுத் தமிழில் எழுதினேன்.) சட்டகத்தினுள்ளே தேடுவோன் எனத்தக்க பகுதியொன்று உண்டு. அதன் கையிற் பட்டியல்கள் இரண்டு உள: ஒன்று தேடவேண்டிய கோப்புறைகளின் வரிசை, மற்றையது கோப்புப் பெயரின் ஈறாக வரத்தக்கவற்றின் வரிசை. பெயரைப் பெற்ற தேடுவோன் முதலாங் கோப்புறைக்குச் சென்று, பிளேட் என்னும் வார்ப்புரு மொழிக்குரிய ஈற்றை முதலிலும், வெறும் பி.எச்.பி ஈற்றை அடுத்தும், சி.எஸ்.எஸ், எச்.ரி.எம்.எல் ஈறுகளை அதன் பின்னும் பெயரோடு சேர்த்து, அத்தகைய கோப்பு உளதா என இயக்க முறைமையைக் கேட்கும். உளதெனின் தேடல் அங்கேயே நிற்கும். இலதெனின் அடுத்த கோப்புறைக்குச் செல்லும். எங்கும் கிடையாதாயின் தேடுவோன் வாளா இராது. காட்சி காணப்படவில்லை என்று பிழையறிவிப்பு ஒன்றை எழுப்பும். அவ்வறிவிப்பை யாரும் ஏற்று ஆவன செய்யாவிடின் வேலை அவ்விடத்திலேயே நின்றுவிடும்; பக்கத்தைக் கேட்டவருக்கு 500 என்னும் எண்ணுடன் சேவையகப் பிழை போய்ச் சேரும்.

இனி, செய்நிரலர் பக்கத்தை ஆக்குமாறு பணியாது, "இப்பெயருடைய வார்ப்புரு உளதா?" என்று மட்டும் கேட்கவும் கூடும். அதற்கென லாரவெல்லில் எக்சிஸ்ட்ஸ் என்னும் வினாவொன்று அமைந்துளது. விடை ஆம், இல்லை என்னும் இரண்டிலொன்று. இவ்வினாவுக்கெனத் தனித்தேடல் ஒன்று நிகழ்கின்றது என்று எண்ணற்க. முன்கூறிய அதே தேடுவோன் அதே வரிசையில் தேடுகின்றது; கிடையாதபோது அதே பிழையறிவிப்பை எழுப்புகின்றது. எக்சிஸ்ட்ஸ் என்பது அவ்வறிவிப்பை இடைமறித்து "இல்லை" என்னும் அமைதியான சொல்லாக மாற்றித் தருகின்றது, அவ்வளவே. கண்ட பெயரைத் தேடுவோன் நினைவிற்கொள்ளும், காணாத பெயரைக் கொள்ளாது என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. உள்ளதை இருமுறை கேட்டல் வீண்செலவன்று. இல்லாததைக் கேட்குந்தோறும் முழுத்தேடல் புதிதாக நிகழும்.

முதலிற் கண்டதோடு நின்றுவிடுதல் என்னும் விதி சிறிதாகத் தோன்றினும், அதனாலாகும் பயன் பெரிது. பிறர் எழுதிய பொதியொன்றை நம் செயலியிற் சேர்க்கும்போது, அப்பொதிக்குரிய வார்ப்புருக்களை லாரவெல் முதலில் நம் செயலியினுள்ளே அதற்கென ஒதுக்கிய கோப்புறையிலும் பின்னரே பொதியினுள்ளும் தேடும். எனவே பொதியைத் தொடாமலே அதன் தோற்றத்தை மாற்றலாம். ஜாங்கோவின் நிருவாகப் பக்கங்களிலும் இஃதே முறை: குறித்த பொருள்வகைக்கெனத் தனி வார்ப்புரு உளதா, இன்றேல் அப்பிரிவுக்கெனப் பொதுவானது உளதா, அதுவும் இன்றேல் எல்லார்க்கும் உரியது என்று சிறப்பிலிருந்து பொதுமைக்கு இறங்கிவரும். றெயில்ஸ் இன்னும் நுணுகிச் செல்லும். பக்கத்தின் பெயரோடு மொழி, வெளியீட்டு வகை, கருவியின் வகை, வார்ப்புருவை வாசிக்கும் மொழிபெயர்ப்பி ஆகிய அனைத்தையும் கருதியே அது கோப்பைத் தெரிகின்றது. தமிழில் வேண்டும் என்று கேட்டால், பெயரோடு தமிழுக்குரிய குறி சேர்ந்த கோப்பை முதலிலே தேடி, அஃதின்றேல் குறியில்லாத பொதுக் கோப்பை எடுத்துக்கொள்ளும். இவ்வியல்பைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்னர் இதனாலே ஒரு தொல்லை விளைந்தமை கூறப்படும்.

ஆகவே "இல்லை" என்னும் விடை உண்மையில் "நான் தேடிய இடங்களில், நான் தேடிய பெயரில் இல்லை" என்பதன் சுருக்கமே. இங்கு நம்முடைய தருக்க நூலார் இன்மையைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி கைகொடுக்கின்றது. இன்மையை அறிதற்கு உரிய அளவையாகக் காணாமையைக் கொண்ட பாட்ட மீமாஞ்சகர், எல்லாக் காணாமையும் இன்மையைக் காட்டாது என்றனர். இருந்திருப்பின் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதியுடைய காணாமையே காட்டும் என்றனர். இருட்டறையிற் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லவியலாது. வார்ப்புருக்களின் கோப்புறை பட்டியலிற் சேர்க்கப்படாதிருப்பின் தேடுவோனும் இருட்டறையில் நிற்பவனே. ஜாங்கோவை ஆக்கியோர் இதனை நன்குணர்ந்தனர் போலும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 1.9ஆம் பதிப்புத் தொடக்கம், வார்ப்புரு கிடையாதபோது எழும் பிழையறிவிப்பு எந்தெந்த இடங்களில் தேடியது என்னும் பட்டியலையும் தன்னோடு கொண்டுவருகின்றது. "இல்லை" என்பதிலும் "இன்னின்ன இடங்களிற் பார்த்தேன், இல்லை" என்பது எவ்வளவு பயனுடையது என்பதைப் பிழை தேடி இரவு விழித்தவர் அறிவர்.

அன்னம்பட்டர் இயற்றிச் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகம் இன்மையை நால்வகைப்படுத்தும். அந்நால்வகையும் இங்குப் பொருந்துவது வியப்பே. வனையப்படுமுன் குடம் இல்லாதிருத்தல் முன்னின்மை. வார்ப்புரு இன்னும் எழுதப்படவில்லை. உடைந்தபின் இல்லாதிருத்தல் அழிவுபாட்டின்மை. இருந்த கோப்பை யாரோ நீக்கிவிட்டார் அல்லது வேறிடத்துக்கு மாற்றிவிட்டார். காற்றில் உருவம் இல்லாமைபோல முக்காலத்தும் இல்லாதிருத்தல் முழுதுமின்மை. பக்கத்தைக் கேட்க வந்தவர் தம் மனம்போனபடி தட்டெழுதிய பெயருக்கு என்றும் வார்ப்புரு இருந்ததில்லை, இருக்கப்போவதுமில்லை. நான்காவது, குடம் ஆடையன்று, ஆடை குடமன்று என்னும் ஒன்றினொன்றின்மை. அதுவே எல்லாவற்றினும் ஏய்ப்பது. கண்ணெதிரே ஒரு கோப்பு இருக்கும்; ஆயினும் கேட்ட கோப்பு அஃதன்று.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழெழுத்தில் இத்தொல்லை இல்லை. உரோம எழுத்தில் உண்டு. விண்டோஸ் கணினிகளும் மக் கணினிகளும் இயல்பான அமைப்பில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றெனவே கொள்ளும். சேவையகங்களிற் பெரும்பாலும் இயங்கும் லினக்ஸ் அவற்றை வெவ்வேறெனக் கொள்ளும். செய்நிரலர் தம் கணினியில் வார்ப்புரு உளதா என்று கேட்கின்றார். "ஆம்" என்று விடை வருகின்றது. அதே செய்நிரல் சேவையகத்துக்குச் சென்றபின் அதே வினாவுக்கு "இல்லை" என்று விடை வருகின்றது. ஓர் எழுத்தும் மாறவில்லை, கேட்கப்பட்டவரே மாறினார். றெயில்ஸ் இந்நான்காம் வகையைத் தனியே பிரித்தறிய முயல்கின்றது. கேட்ட பக்கத்துக்கு வார்ப்புரு உண்டு, ஆனால் கேட்ட வெளியீட்டு வகையில் இல்லை என்னும்போது, அது பொதுவான 500ஐ அனுப்பாது, ஏற்கத்தக்க வடிவம் எம்மிடம் இல்லை என்னும் பொருளுடைய 406ஐ அனுப்புகின்றது.

நால்வகை இன்மைக்கும் பரிகாரம் வெவ்வேறு. முன்னின்மைக்கு எழுதுதல் பரிகாரம், அழிவுபாட்டின்மைக்கு மீட்டல், முழுதுமின்மைக்கு "நீர் கேட்டது இங்கில்லை" என்று வந்தவரிடம் கூறிவிடுதல். ஆனால் எக்சிஸ்ட்ஸ் என்னும் வினா எல்லாவற்றுக்கும் ஒரே விடையைத் தருகின்றது. அதனாலேயே அவ்வினாவை எங்குக் கேட்பது என்பதில் விழிப்பு வேண்டும்.

என் கருத்து இது: வார்ப்புருவின் பெயரைத் தெரிந்தவர் யார் என்று முதலிற் கேட்க வேண்டும். பெயரைத் தெரிந்தவர் செய்நிரலரே எனின், உளதா என்று வினவுதல் பொதுவாக வேண்டாததொன்று. தாம் எழுதிய கோப்பு இருக்கின்றதா என்று தாமே ஐயுற்று ஒவ்வோரிடத்தும் வினவிக்கொண்டிருப்பவர், வீட்டுப் படியில் ஏறுமுன் படி உளதா என்று கோலாற் தட்டிப் பார்ப்பவரை ஒப்பர். அங்கு வார்ப்புரு இல்லாமற்போதல் செய்நிரலில் உள்ள குற்றம். குற்றம் உரத்த குரலில் வெளிப்படல் வேண்டும். 500 என்னும் பிழை அங்கு இழுக்கன்று, எச்சரிக்கை. மறுதலையாக, பெயரைத் தெரிந்தவர் பக்கத்தைக் கேட்க வந்தவரே எனின் வினவியே ஆகல் வேண்டும். உலாவியின் விலாசக் கட்டத்திற் கண்டபடி எழுதப்பட்ட பெயரையே வார்ப்புருவின் பெயராகக் கொள்ளும் செயலியில், இல்லாத பெயர் வருதல் செய்நிரலின் குற்றமன்று. அங்கு 500 அனுப்புவது பொய். காணப்படவில்லை என்னும் 404 அனுப்புவதே மெய்.

மூன்றாவது நிலையொன்றும் உண்டு. சிறப்பான வார்ப்புரு இருந்தால் அதனைக் கொள்க, இன்றேல் பொதுவானதைக் கொள்க என்று செய்நிரலரே வேண்டுமென்று அமைப்பது. இதற்கு லாரவெல்லே நல்ல சான்று. பிழை நேர்ந்தபோது காட்டவேண்டிய பக்கத்தைத் தெரிவதற்கு அச்சட்டகம் இவ்வினாவைத் தானே கேட்கின்றது: 404 என்னும் எண்ணுக்கு வார்ப்புரு உளதா? இன்றேல் நானூறுகள் அனைத்துக்கும் பொதுவானது உளதா? அதுவும் இன்றேல் சட்டகத்தின் வழக்கமான முறையிற் பிழை காட்டப்படும். "காணப்படவில்லை" என்று சொல்லும் பக்கமே காணப்படுகின்றதா என்று கேட்டறிந்த பின்னர்தான் காட்டப்படுகின்றது. பட்டியலைக் கொடுத்து அவற்றுள் முதலில் இருப்பதை எடுத்துத் தருமாறு கேட்கும் வசதியும் உண்டு. லாரவெல்லில் ஃபேர்ஸ்ற் என்றும், ஜாங்கோவிற் செலெக்ற் ரெம்ப்பிளேற் என்றும் அவை பெயர்பெறும். பட்டியலில் ஒன்றும் இல்லாவிடின் இரண்டும் பிழையறிவிப்பையே எழுப்பும்.

இம்மூன்றாவது நிலையிலேதான் யான் இடறினேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விண்ணப்பங்களை இணையவழி பெறும் செயலியொன்றை ஒரு நிறுவனத்தின் பொருட்டு ஆக்கினேன். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியாகிய நாட்டில், விண்ணப்பம் எம்மொழியிற் செய்யப்பட்டதோ அம்மொழியிலேயே மறுமொழிக் கடிதமும் செல்லல் வேண்டும் என்பது நியாயம். எனவே கடிதத்துக்கு மூன்று வார்ப்புருக்கள் எழுதினோம். மொழிக்குரிய வார்ப்புருவை முதலிலும் ஆங்கில வார்ப்புருவை இரண்டாவதாகவும் பட்டியலில் இட்டு, முன்னதாக இருப்பதை எடுக்குமாறு பணித்தேன். ஒரு வேளை ஒரு மொழியில் இல்லாவிட்டாலும் கடிதமாவது போய்ச் சேருமே என்பது என் எண்ணம். உலக வழக்கில் தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறி ரி, ஏ என்பன. யான் தமிழ்க் கோப்புக்குப் பெயரிட்டபோது ரி, எம் என்று இட்டுவிட்டேன்.

பிழை எதுவும் எழவில்லை. பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. எல்லாக் கடிதங்களும் போய்ச் சேர்ந்தன. ஒரு மாதமளவிற் சென்றபின், மகனுக்காகத் தமிழில் விண்ணப்பித்த தாயொருவர் தொலைபேசியில் அழைத்து, "நாங்கள் தமிழிலைதானே எழுதினனாங்கள், தம்பி, ஏன் இங்கிலிசிலை வந்தது? ஆரிட்டைக் கொண்டுபோய் வாசிக்கிறது?" என்று கேட்டார். கடிதத்திற் கூறிய இறுதித் திகதிக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. அதற்கு முன்னர்க் கடிதம் பெற்ற தமிழ் விண்ணப்பதாரர் அனைவரும் ஆங்கிலத்திலேயே பெற்றிருந்தனர். அவர்களுள் யாரும் முறையிடவில்லை. இப்படித்தான் வரும் போலும் என்று எண்ணியிருப்பர்.

உரத்துப் பேசும் பிழை ஒரே நாளில் திருத்தப்பட்டிருக்கும். பணிவோடு வேறொன்றைக் கொடுத்து மறைத்த பிழை ஒரு மாதம் வாழ்ந்தது. இது என் அனுபவம் மட்டுமன்று. ஜாங்கோவின் வரலாற்றிலும் இத்தகைய பாடமொன்று உண்டு. ஒரு வார்ப்புருவினுள்ளே மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளும் இன்க்ளூட் என்னும் கட்டளை, சேர்க்கவேண்டிய கோப்பு இல்லாவிடினும் மக்கள் பயன்படுத்தும் சேவையகத்திற் பிழை எழுப்பாது, அவ்விடத்தை வெறுமையாக விட்டுச்செல்லும்படி நெடுங்காலம் அமைந்திருந்தது. பக்கம் முறியாமல் இருப்பது நன்று என்று கருதினர் போலும். ஆயினும் பக்கத்தின் ஒரு பகுதி காணாமற்போவதை அப்பக்கத்தை முன்னர்ப் பார்த்தவரன்றி வேறெவரும் அறியார். 2018ஆம் ஆண்டில் வெளியான 2.1ஆம் பதிப்பிலே அவ்வழக்கம் நீக்கப்பட்டது. இப்பொழுது பிழை பிழையாகவே எழுகின்றது. இன்மை பொறுக்கத்தக்கது என்று செய்நிரலர் கருதும் இடத்தில், லாரவெல்லில் இன்க்ளூட் இஃப் என்னும் வேறு கட்டளை உண்டு. பொறுத்தல் வேண்டுமாயின் அதனை வெளிப்படையாக எழுதுக என்னும் முறை எனக்கு உடன்பாடே. ஆனால் பொறுத்ததைப் பதிவேட்டிற் குறித்தும் வைக்க வேண்டும் என்பதை அக்கட்டளை நமக்கு நினைவூட்டுவதில்லை.

வார்ப்புரு உளது என்னும் விடையும் அறுதியானதன்று. கேட்ட கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் இடையே கோப்பு நீங்கிவிடக்கூடும். செயலியின் புதிய பதிப்பைச் சேவையகத்தில் ஏற்றும் வேளையில் இது நேரும். கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றாது, புதிய பதிப்பு முழுவதையும் தனிக் கோப்புறையில் இட்டு, ஈற்றில் ஒரு சுட்டியை மட்டும் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பும் வழக்கம் இத்தொல்லையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று. பி.எச்.பி மொழியில் இன்னொரு நுட்பமும் உளது. கோப்பொன்று உளது என்று ஒருமுறை கண்டால் அவ்விடையை அம்மொழி நினைவில் வைத்துக்கொள்ளும். இல்லாத கோப்பின் செய்தியை நினைவில் வைக்காது. ஆகையால் நெடுநேரம் ஓடும் செய்நிரலில், வெளியார் நீக்கிவிட்ட கோப்பும் இன்னும் உளது போலத் தோன்றலாம். பைதன் மொழியினர் இத்தகைய காரணங்களால் முன்னரே வினவுதலினும், செய்துபார்த்துத் தவறின் அத்தவற்றை ஏற்று ஆவன செய்தலையே விரும்புவர். செய்வதும் வினவுவதும் ஒரே செயலாகிவிடுதலால் இடையிற் புகுவதற்கு எதற்கும் இடமில்லை.

இருப்பதும் இயங்குவதும் ஒன்றன்று என்பதும் வெளிப்படை. லாரவெல்லின் வினா கோப்பு உளதா என்பதைப் பார்க்குமேயன்றி அதனைத் திறந்து வாசிப்பதில்லை. ஜாங்கோவில் வார்ப்புருவைப் பெறுதல் என்பது அதனை வாசித்து இலக்கணம் சரிபார்த்தலையும் உட்கொண்டது. இலக்கணப் பிழையிருப்பின் இன்மைக்குரிய அறிவிப்பன்றி வேறோர் அறிவிப்பு எழும். அங்கும் அவ்வார்ப்புரு தன்னுள்ளே சேர்க்கும் பிறிதொரு வார்ப்புரு இல்லாதிருப்பின், பக்கத்தை ஆக்கும்போதே அது தெரியவரும்.

இனி, வந்தவர் தந்த பெயரைக் கொண்டு தேடுவதிலுள்ள இடரைச் சொல்லாது விடலாகாது. பெயரினுள்ளே மேற்கோப்புறைக்குச் செல்லும் குறிகளை இட்டு, வார்ப்புருக்களின் எல்லையைக் கடந்து சேவையகத்தின் பிற கோப்புகளை எட்டப்பார்க்கும் தீயோர் உளர். றெயில்ஸ் சட்டகத்தில் இவ்வகையான குறைபாடு ஒருமுறையன்றிப் பலமுறை வெளிப்பட்டது. 2016ஆம் ஆண்டு சனவரியில் அறிவிக்கப்பட்ட குறைபாடு, வந்தவர் தந்த சொல்லை அப்படியே வார்ப்புருவின் பெயராகக் கொடுக்கும் செயலிகளைப் பற்றியது. செயலியின் எல்லைக்கு அப்பாலுள்ள கோப்புகளை அதன்வழி எட்டுதல் கூடுமாயிற்று. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டதோ இன்னும் வியப்பானது: எந்த வகை வெளியீடு வேண்டும் என்று உலாவி அனுப்பும் தலைப்புரையைத் திரித்து எழுதுவதன் மூலம், சில செயலிகளிற் சேவையகத்துக் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்க முடிந்தது. தேடும்போது கருதப்படும் உறுப்புகள் பெருகப் பெருகப் புகுவாயில்களும் பெருகும் என்பதற்கு இது சான்று. இரண்டுக்கும் அப்பொழுதே திருத்தங்கள் வெளியாயின. ஜாங்கோ, பெயரைக் கோப்புறையோடு சேர்க்கும்போதே விளையும் விலாசம் அக்கோப்புறையினுள் அடங்குகின்றதா என்று சரிபார்த்துக்கொள்ளும்.

இவ்விடத்தில் எக்சிஸ்ட்ஸ் என்னும் வினா காவலாகும் என்று நம்புவோர் உளர். அது காவலன்று. உளதா என்று கேட்டு "ஆம்" என்னும் விடை பெறுதல், அதனைக் காட்டலாமா என்பதற்கு விடையாகாது. நிருவாகிகளுக்கு மட்டும் உரிய வார்ப்புருவும் உள்ளதுதானே. காட்டத்தக்க பக்கங்களின் பெயர்களைச் செய்நிரலர் தாமே பட்டியலாக எழுதிவைத்து, வந்தவர் தந்த பெயர் அப்பட்டியலில் உளதா என்று பார்த்தலே தக்கது. அப்போது வினா கோப்புகளை நோக்கிச் செல்லாது, நாம் எழுதிய ஏட்டோடு நின்றுவிடும். பெயரைத் தெரிந்தவர் யார் என்னும் முன்னைய கேள்விக்கும் அதனால் ஒரே விடை கிடைத்துவிடுகின்றது.

தாயொருவரின் தொலைபேசி அழைப்புக்குப் பின்னர் யான் செய்ததைக் கூறவேண்டும். ஆங்கிலக் கடிதம் பெற்றோர் அனைவருக்கும் தமிழ்க் கடிதத்தை மறுபடி அனுப்பி, இறுதித் திகதியையும் நிறுவனத்தாரிடம் கேட்டு ஒரு கிழமை நீட்டுவித்தோம். கோப்பின் பெயரைத் திருத்த ஒரு நிமிடமும் செல்லவில்லை. இரண்டாவதாக நிற்கும் ஆங்கில வார்ப்புருவைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அது பயன்படுந்தோறும் எந்த மொழிக்குரியது இல்லாமையால் பயன்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதுமாறு செய்தேன். அதனினும் முக்கியமாக, உளதா என்னும் வினாவை மக்கள் கடிதம் பெறும் வேளையிலிருந்து பெயர்த்து, செயலியைச் சேவையகத்துக்கு அனுப்புமுன் ஓடும் சோதனையில் வைத்தேன். அச்சோதனை கடிதங்களின் பெயர்களையும் மூன்று மொழிக் குறிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு வார்ப்புருவும் உளதா என்று லினக்ஸ் கணினியொன்றிற் கேட்கும். மாதிரித் தரவை இட்டு வார்த்தும் பார்க்கும். ஒன்று குறையினும் அனுப்பவிடாது. அதனை முதன்முறை ஓட்டிய அன்று, நேர்முகத்துக்கு அழைக்கும் கடிதம் சிங்களத்தில் எழுதப்படவேயில்லை என்பது தெரியவந்தது. அக்கடிதம் எழுதி முடியும்வரை இரண்டு நாள் காத்திருந்தே புதிய பதிப்பை அனுப்பினோம்.